பழைய மளிகைக் கடைப் பற்று நோட்டைப் படிப்பது எப்படி

பரணை ஒழிக்கும்போது சில வீடுகளில் நீளவாக்கில் தைத்த, சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடைக்கும். மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கிய கணக்கு அது. உள்ளே து.பருப்பு, புளி, மி.வத்தல் என்று வரிவரியாக எழுத்து. ஓரத்தில் 0-5-3 மாதிரி எண்கள் (ரூபாய்-அணா-பை). பக்கத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு. அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மில்லுக்கோ பட்டறைக்கோ கூலிக்குப் போன ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது, எந்த மாதம் கை இறுகியது, எந்த வாரம் விருந்தாளி வந்தார் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேறு காகிதம் அந்த வீட்டில் இருக்காது. ரேஷன் கார்டும் சம்பளச் சீட்டும் போன பிறகும் இந்த நோட்டு மிஞ்சுவதற்குக் காரணம் எளிது. பாக்கி இருக்கும்வரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

இங்கே சொல்வது ஏறத்தாழ 1930களிலிருந்து 1960கள் வரை தமிழ்நாட்டில் எழுதிய நோட்டுகளுக்குப் பொருந்தும். வேலையின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் தேதி, அடுத்து சரக்கும் அளவும், கடைசியில்தான் விலை. விலையில் தொடங்குகிறவர்கள் “அப்பவெல்லாம் பருப்பு பன்னிரண்டணாதான்” என்று வியந்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள்.

கையில் எடுக்கும் முன்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருந்தால் இந்த நோட்டிடம் வேண்டாம். பல கடைகளில் காப்பியிங் பென்சிலால்தான் எழுதினார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் எழுத்து போலச் சாம்பல் நிறமாக இருக்கும்; ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடும். ஒரு வரி கரைந்தால் போனது போனதுதான். எண்ணெய்க் கறை பட்டு ஒட்டிக்கொண்ட பக்கங்களை நீராவி காட்டிப் பிரிக்கக் கூடாது. தட்டையான எலும்புக் கரண்டியோ, மழுங்கிய பிளாஸ்டிக் ஸ்கேலோ வைத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சி அரித்த பக்கத்தைத் தட்டி உதறினால் எழுத்தும் சேர்ந்து உதிரும். மெல்லிய தூரிகைதான் சரி.

படிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழும்படி வைத்து எடுத்தால், மங்கிப்போன பென்சில் எழுத்தின் அழுத்தம் நிழலாகத் தெரியும். நேர் மேலிருந்து ஃபிளாஷ் போட்டால் பென்சில் பளபளத்து மறைந்துவிடும்.

நோட்டுக்குள் துண்டுச் சீட்டுகள் செருகியிருந்தால் அவற்றின் நடுவே ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கம்பியில் குத்தி வைத்த சிட்டைகள் அவை. கடைக்காரர் பகலில் சீட்டில் குறித்து, இரவு பேரேட்டில் ஏற்றியிருப்பார். செருகியிருந்த இடத்தைப் படத்தில் பதிவு செய்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

யாருடைய நோட்டு?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மேலே போனால் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். மூன்று வகை உண்டு.

கடைக்காரரின் பேரேடு என்றால் வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும். தலைப்பில் பெயரும், பெரும்பாலும் வேலை செய்யும் இடமோ லயன் வீட்டு எண்ணோ இருக்கும். வீட்டுக்குக் கொடுத்த பற்று நோட்டு என்றால் ஒரே குடும்பத்தின் கணக்கு. ஆனால் எழுதியவர் கடைக்காரர்தான். பையோடு நோட்டும் கடைக்குப் போய்த் திரும்பி வரும். இந்த இரண்டிலும் ‘பற்று’ என்றால் குடும்பம் வாங்கிய சரக்கு, ‘வரவு’ என்றால் குடும்பம் கட்டிய பணம்.

மூன்றாவது, வீட்டில் யாரோ ஒருவர் தாமே எழுதிய வரவு செலவு. அதில் ‘வரவு’ என்றால் சம்பளம்! அண்ணாச்சி கடைக்குக் கட்டியது ‘செலவு’ பக்கம் வந்திருக்கும். கையெழுத்து ஒன்றேயாக, கடைச் சாமானோடு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், சலவைக் கூலி எல்லாம் கலந்து வந்தால் அது வீட்டுக் கணக்கு.

பேரேடு உங்கள் கையில் இருந்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும். அதில் ஒரு தெருவின் கடன் முழுவதும் இருக்கிறது. படம் போட்டுப் பகிர்வதாக இருந்தால் உங்கள் குடும்பத்துப் பக்கம் தவிர மற்றப் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

தேதி

பக்கத்தின் உச்சியில் ‘உ’ இருக்கும். அது பிள்ளையார் சுழி. இரண்டு என்று படித்துவிடாதீர்கள். அதன் கீழ் ஆண்டும் மாதமும் நாளும். பழைய கணக்குப்பிள்ளை வழக்கத்தில் ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி. அதே குடும்பத்துக் குறிகள்தான் ௶ (பற்று), ௷ (வரவு), ௸ (மேற்படி), ௹ (ரூபாய்). இந்த ஏழையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோட்டு தானாகப் பேசும்.

ஆண்டு தமிழ்ப் பெயரில் இருந்தால் அறுபது ஆண்டுச் சுற்றை நினைவில் வையுங்கள். ‘விளம்பி’ என்று இருந்தால் அது 1958 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், 1898ஆகவும் இருக்கலாம். காகிதமும், சரக்கும், பணத்தின் வகையும்தான் எது என்று சொல்லும். தமிழ் மாதத்தை ஆங்கில மாதமாக மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆவது சகஜம். வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை என்று ஒரே நாளில் குவிந்தால் அது தை முதல் நாளுக்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ. இப்படி ஒரு பண்டிகையைப் பிடித்துக்கொண்டால் அந்த ஆண்டின் மற்ற நாட்களை எண்ணிப் பொருத்திவிடலாம்.

எண்கள் தமிழில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ௧ ‘க’ போல, ௨ ‘உ’ போல, ௩ ‘ங’ போல, ௪ ‘ச’ போல, ௫ ‘ரு’ போல, ௬ ‘சு’ போல, ௭ ‘எ’ போல, ௮ ‘அ’ போல, ௯ ‘கூ’ போல, ௰ ‘ய’ போல. இடறுவது பத்தில்தான். பழைய முறையில் ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது, ௨௰௫ என்றால் இருபத்தைந்து. சுழியம் வராது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘வ’ மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் கால். ‘இ’ மாதிரி இருந்தால் அரை.

சரக்கின் பெயர்

கடைக்காரர் யாருக்காகவும் முழுப் பெயர் எழுத மாட்டார். து.பருப்பு, உ.பருப்பு, க.பருப்பு, ப.பயறு, கொ.மல்லி, மி.வத்தல், ந.எண், தே.எண் இவை யாருக்கும் புரியும். மாட்டிக்கொள்வது இரட்டை அர்த்தச் சுருக்கத்தில். ‘ம.எண்’ என்றால் மண்ணெண்ணெயா, மணிலா எண்ணெயா (அதாவது கடலை எண்ணெயா)? அளவைப் பாருங்கள். பாட்டில் கணக்கில் வந்தால் மண்ணெண்ணெய். ஆழாக்கு, பலக் கணக்கில் வந்தால் கடலை எண்ணெய். ‘பெ.காயம்’ பலத்தில் வந்தால் பெரிய வெங்காயம்; ‘ரூ எடை’ என்று வந்தால் பெருங்காயம்.

இந்த ‘ரூ எடை’ ஒரு பொறி. பெருங்காயம், ஏலக்காய், கிராம்பு போன்றவற்றை ரூபாய் எடையில் நிறுத்தார்கள். வெள்ளி ரூபாய் நாணயம் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். தராசில் நாணயத்தையே எடைக்கல்லாகப் போடலாம். ‘பெ.காயம் ½ ரூ எடை’ என்பதை அரை ரூபாய்க்குப் பெருங்காயம் என்று படித்தால், ஒரு கூலிக் குடும்பம் மாதாமாதம் எட்டணாவுக்குப் பெருங்காயம் தின்றதாக ஆகிவிடும். அது ஆறு கிராமுக்கும் குறைவு, அவ்வளவுதான்.

அளவே இல்லாமல் காசு மட்டும் எழுதிய வரிகள் நிறைய வரும். ‘மிளகு சீரகம் 0-0-6’, ‘கடுகு 0-0-3’. பிள்ளைகள் கடை வாசலில் நின்று, “அண்ணாச்சி, அம்மா காலணாவுக்குக் கடுகு வாங்கிட்டு வரச் சொன்னாங்க, கணக்குல எழுதிக்கிடுவீங்களாம்” என்று கேட்டு வாங்கிப் போன சரக்கு அது. வரியின் கடைசியில் ‘மகன் வசம்’, ‘மகள் வசம்’ என்றோ ‘மா.’ என்றோ இருந்தால் யார் கையில் கொடுத்தார் என்ற குறிப்பு. ‘மா.’ என்பது மார்பத்து, இன்னார் மூலமாக. பின்னால் தகராறு வந்தால் கடைக்காரருக்கு இதுதான் சாட்சி. அளவு தெரியாத வரிகளுக்கு நீங்களாக அளவு போடாதீர்கள். அதே மாதத்தில் அதே சரக்கை எடை போட்டு வாங்கிய வரி இருந்தால் அதை வைத்து மதிப்பிட்டு, மதிப்பீடு என்றே குறியுங்கள்.

படியும் பலமும்

முகத்தல் கணக்கு இது: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆக ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. நோட்டில் ‘அரைக்கால் படி’ என்று வந்தாலும் அது ஆழாக்குதான்.

சென்னையில் சட்டப்படி வழங்கிய பட்டணம் படி 104 கன அங்குலம். இன்றைய கணக்கில் 1.7 லிட்டர். ஆழாக்கு சுமார் 213 மில்லி. ஆனால் எல்லா ஊரிலும் இதே படி இல்லை. தெற்கேயும் டெல்டாவிலும் சின்னப்படி, பெரியபடி என்று இரண்டு புழங்கின. வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ அந்தக் காலத்துப் படி இருந்தால் அதுவே சிறந்த சாட்சி. விளிம்பருகே அரசாங்க முத்திரை குத்தியிருக்கிறதா பாருங்கள். விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மில்லி அளவுக் குவளையில் அளந்துவிடுங்கள். 1,700க்குப் பக்கத்தில் வந்தால் பட்டணம் படி. 850 மாதிரி வந்தால் சின்னப்படி; நோட்டின் முகத்தல் அளவுகள் எல்லாம் பாதியாகும்.

படியைக் கிலோவாக்க ஒரே எண்ணால் பெருக்குவது தவறு. அரிசி வேறு, கல் உப்பு வேறு, கொத்தமல்லி விதை வேறு. 1.7 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பாத்திரத்தில் கோடு போட்டு, துடைத்துக் காயவைத்து, அதே கோடு வரை அந்தச் சரக்கை நிரப்பி நிறுத்துப் பாருங்கள். அரிசியும் துவரம்பருப்பும் தலைதட்டினால் சுமார் 1.4 கிலோ நிற்கும். கொத்தமல்லி விதை அதில் பாதிகூட வராது. தலைதட்டி அளந்தாரா, கோபுரமாகக் குவித்து அளந்தாரா என்பது நோட்டில் இராது. பெரியவர்களிடம் கேட்டால்தான் தெரியும். குவித்தால் கைப்பிடி இரண்டு கூடும். கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: அளக்கும்போது முதல் படியை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குவார்கள். சீட்டில் ‘லாபம்’ என்று எங்காவது கிறுக்கியிருந்தால் அது ஒன்று.

எடைக்கு வருவோம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். ஐந்து சேர், அதாவது நாற்பது பலம், ஒரு வீசை, 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு, 11.2 கிலோ. புளி, வெல்லம், மிளகாய் வத்தல் வீசைக் கணக்கு. மஞ்சள், பூண்டு, மிளகு பலக் கணக்கு. ‘ராத்தல்’ என்று வந்தால் பவுண்டு, 454 கிராம்.

சேரில் எச்சரிக்கை தேவை. மேலே சொன்னது 24 தோலாச் சேர் (ஒரு தோலா என்பது ஒரு ரூபாய் எடை). வடக்கே வழங்கிய சேர் 80 தோலா, 933 கிராம். மூன்று மடங்குக்கும் மேல். இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால், அதே சரக்கை வீசைக் கணக்கில் வாங்கிய விலையோடு ஒத்துப் பாருங்கள். வீசை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருந்தால் நம்மூர்ச் சேர்.

வெற்றிலை கவுளிக் கணக்கு, நூறு இலை. பீடியும் வத்திப்பெட்டியும் எண்ணிக்கை. சோப்பு ‘பார்’ அல்லது ‘துண்டு’. 501 பார் சோப்பை நீளமாக வாங்கி வந்து கடையிலேயே கம்பியால் அறுத்துத் துண்டாக விற்றார்கள். ‘501’ஐத் தொகை என்று கூட்டிவிடாதீர்கள்.

அணா பைசா கூட்டல்

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. தம்பிடி என்று சொன்னதும் இதைத்தான். ஆக ரூபாய்க்கு 192 பை. காலணா என்றால் 3 பை, அரையணா 6, முக்காலணா 9. மளிகைக் கணக்கில் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 0, 3, 6, 9 தவிர வேறு எண் வராது. 5 என்றோ 7 என்றோ படித்தால் மறுபடி பாருங்கள். 3ஐயோ 9ஐயோ தவறாகப் படித்திருப்பீர்கள்.

மாதிரிக்கு ஒரு பக்கம். விலைகள் கூட்டிக் காட்டுவதற்காகப் போட்டவை:

௶ து.பருப்பு 1 படி … 0-12-0
புளி 1 வீசை … 0-10-0
மி.வத்தல் 20 பலம் … 0-9-6
ந.எண் 2 ஆழாக்கு … 0-5-3
க.உப்பு 1 படி … 0-1-0
ஆக … 2-5-9

வலமிருந்து தொடங்குங்கள். பை: 6 + 3 = 9. பன்னிரண்டைத் தாண்டவில்லை, அப்படியே எழுதலாம். அணா: 12 + 10 + 9 + 5 + 1 = 37. பதினாறால் வகுத்தால் இரண்டு ரூபாய், மீதி ஐந்தணா. விடை 2-5-9. இன்றைய தசம வடிவில் வேண்டுமென்றால் 5 அணா 9 பை என்பது 69 பை. 69ஐ 192ஆல் வகுத்தால் 0.36, ஆக 2.36. ஒவ்வொரு வரியையும் தசமமாக்கிவிட்டுக் கூட்டாதீர்கள். கூட்டி முடித்து ஒரே முறை மாற்றினால் பிசகு வராது.

உங்கள் கூட்டலுக்கும் கடைக்காரர் தொகைக்கும் காலணா, அரையணா இடித்தால் அவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். சில்லறைப் பையை விட்டுக்கொடுத்து எழுதுவது சகஜம். வித்தியாசம் ரூபாய்க் கணக்கில் இருந்தால் ‘மு.பா.’ என்ற முன் பாக்கியைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், அல்லது ஒட்டிக்கொண்ட பக்கம் ஒன்று நடுவில் இருக்கிறது.

1957க்குப் பிறகு

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ போய் வெறும் பைசா. ஆகவே ‘ந.பை.’ என்று எழுதிய பக்கம் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேதி கிழிந்த பக்கத்துக்கு இது பெரிய உதவி.

சிக்கல், சில காலம் இரண்டும் சேர்ந்தே புழங்கியதில் வருகிறது. ‘0-10’ என்றால் பத்தணாவா, பத்து நயா பைசாவா? அந்தப் பக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் எங்காவது 15க்கு மேல் எண் இருந்தால் அது அணா இல்லை. 15ஐத் தாண்டவே தாண்டாமல் மூன்றாம் கட்டமும் இருந்தால் அணாதான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அணாவை நயா பைசாவாக்கும்போது அரசு வெளியிட்ட பட்டியல்படி ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25, ஐந்தணா 31, ஆறணா 37, ஏழணா 44, எட்டணா 50. பத்தணா 62, பன்னிரண்டணா 75. நோட்டில் 0.19, 0.37, 0.44, 0.62 என்று விநோதமான விலைகள் வந்தால், கடைக்காரர் மனதில் இன்னும் அணாவில்தான் விலை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். 0.20, 0.40, 0.60 என்று விலைகள் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடை தசமத்துக்கு நிஜமாகவே மாறியது அன்றுதான்.

சில்லறை வாங்குபவருக்குத்தான் இந்த மாற்றம் இடித்தது. காலணா, 1.56 நயா பைசா; பட்டியலில் அது 2 ஆனது. காலணாச் சரக்கை நாலு தடவை வாங்கினால் 8 நயா பைசா. அதையே ஓரணாவுக்கு ஒரே தடவையாக வாங்கினால் 6. நோட்டில் 1957 நடுவிலிருந்து காலணாச் சரக்கு குறைந்து, ‘5 ந.பை.க்கு’, ‘10 ந.பை.க்கு’ என்ற வரிகள் கூடுகிறதா என்று பாருங்கள்.

எடை அளவு மாறியது தனிக் கதை. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கி 1962க்குள் கட்டாயமாயின. ஆனால் வாயில் படி போகவில்லை. 1967 தேர்தலில் திமுக ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றுதானே சொன்னது, கிலோ என்றா சொன்னது? ஆகவே 1965 நோட்டில் ‘படி’ வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தலைப்பு கிலோவில், வரி பலத்தில் என்றுகூட வரும்.

வரவுப் பக்கம்

பற்றைவிட வரவு தேதிகள்தான் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள்ளும், பெரிய ஆலையில் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி கொடுத்தாக வேண்டியிருந்தது. எனவே பெரம்பூரிலோ மதுரையிலோ பெரிய மில்லில் வேலை பார்த்த வீட்டுக் கணக்கில் மாதத்தின் பத்தாம் தேதியை ஒட்டியும், சின்னப் பட்டறை வீட்டில் ஏழாம் தேதியை ஒட்டியும் வரவு விழலாம். ஏழு நாளுக்கொரு முறை சின்னச் சின்ன வரவு என்றால் வாரக் கூலி. தேதிகளை நாட்காட்டியில் வைத்தால் சனிக்கிழமையாக வந்து நிற்கும். தீபாவளிக்கு முன்னால் ஒரு பெரிய தொகை வந்தால் போனஸ்.

வரவு இல்லாமல் பற்று மட்டும் இரண்டு, மூன்று மாதம் ஓடினால் வேலை நிறுத்தமோ, கதவடைப்போ, நோயோ. அந்த மாதங்களில் அண்ணாச்சி பற்றை நிறுத்தினாரா, எண்ணெயை மட்டும் குறைத்தாரா, எப்போதும்போலக் கொடுத்தாரா என்பதை வரி வரியாகப் பாருங்கள். மளிகைக் கணக்கில் மிக நுட்பமான இடம் இதுதான். பருப்பும் எண்ணெயும் மெலிந்து, உப்பும் புளியும் மிளகாயும் அப்படியே இருக்கும். கஞ்சிக்கு அவை போதும்.

வரவு எப்போதும் பணமாக இராது. ‘காலி பாட்டில் 2’, ‘சாக்கு 1’, ‘முட்டை 6’ என்று வந்தால் அதற்கு ஈடாகக் கழித்திருக்கிறார். பெரும்பாலும் வட்டிக்குக் கட்டம் இருக்காது. அது விலையிலேயே ஏறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ரொக்கத்துக்கு விற்ற விலை வேண்டும், பற்று நோட்டில் அது கிடைக்காது.

அடுத்தது அரிசி. நோட்டில் அரிசியே காணோம் என்றால் அந்த வீட்டில் சோறு இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த ரேஷன் முறையில் அரிசி வேறு கணக்கில் போனது. 1952 ஜூனில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதற்குப் பிந்தைய பக்கங்களில் அரிசி திடீரென்று மளிகைப் பற்றில் தலைகாட்டினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கோடு போட்டு அடித்த பக்கம் பிழை அல்ல. பாக்கி தீர்ந்ததற்கு அடையாளம். ஆனால் கூர்ந்து பார்த்தால் ‘தீர்ந்தது’ என்ற பக்கத்துக்கு அடுத்த பக்கமும் ஒன்றிரண்டு ரூபாய் முன் பாக்கியோடுதான் தொடங்கும். முழுக்கத் தீர்த்துவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று கடைக்காரருக்குப் பயம். முழுக்கத் தீர்த்துவிட்டால் அவசரத்துக்குக் கேட்க முகம் இராது என்று வீட்டுக்காரிக்குத் தயக்கம். இந்தச் சின்ன பாக்கியைக் கடன் சுமை என்று எழுதிவிடாதீர்கள்.

அட்டவணை போடும்போது

கணினியிலோ கோடு போட்ட தாளிலோ எட்டுக் கட்டம் போதும்: பக்க எண், நோட்டில் உள்ள தேதி, ஆங்கிலத் தேதி, நோட்டில் எழுதியபடி சரக்கு, உங்கள் விளக்கம், எழுதியபடி அளவு, கிராம் அல்லது மில்லி, எழுதியபடி தொகை. மூலத்தையும் மாற்றியதையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். நாளைக்குப் படி சின்னப்படி என்று தெரிந்தால் ஒரு கட்டத்தை மட்டும் திருத்தலாம். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி. ஊகித்து நிரப்பிய ஒரு வரி பிறகு உண்மையாகவே நிலைத்துவிடும்.

அட்டவணை முடிந்ததும் முதலில் செய்யத்தக்க கணக்கு ஒன்று உண்டு. ஒரே சரக்கை மொத்தமாகவும் சில்லறையாகவும் வாங்கிய வரிகளைப் பக்கம் பக்கமாக வையுங்கள். மேலே மாதிரிப் பக்கத்தில் சம்பளம் வந்த வாரம் ஒரு வீசைப் புளி பத்தணா. மாசக் கடைசியில் அதே புளி ‘2 பலம் 0-0-9’ என்று இருந்தால்? வீசைக்கு நாற்பது பலம்; இரண்டிரண்டு பலமாக இருபது தடவை வாங்க வேண்டும்; இருபது ஒன்பது நூற்றெண்பது பை; பதினைந்தணா. பத்தணாச் சரக்குக்குப் பதினைந்தணா. இந்த ஒன்றரை மடங்கை மாதத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் போட்டுப் பாருங்கள், புளிக்கு மட்டுமல்ல, எண்ணெய்க்கும் மிளகாய்க்கும்.